வெள்ளிக்கிழமை மயக்கம்

அண்ணாச்சியின் கார் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் மயங்கும்.

அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்து நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது போன் அடிக்கும். நாலேகால். எடுத்தால் மறுமுனையில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். பிறகு, தாலுகா ஆபீசில் மனு வாங்குகிறவர் மாதிரி நிதானமான குரல்.

"பாய், வண்டிக்கு மயக்கம் வந்துட்டு. ஒழிவா இருந்தா ஒரு எட்டு வர முடியுமா?"

என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அடைப்பு. அது அவருக்குத் தெரியும். ஜும்ஆ எப்போது முடியும், சாப்பிட்டுவிட்டு நான் எவ்வளவு நேரம் படுப்பேன், பாங்கு சொல்லி எத்தனை நிமிஷத்தில் தெருமுனையில் என் தலை தெரியும், எல்லாமே அவருக்கு அத்துப்படி. ஊரில் மற்றவர்கள் வண்டியெல்லாம் நாள் கிழமை பார்க்காமல் காலை வாரும். இவருடையது மட்டும் பஞ்சாங்கம் பார்த்து மயங்கியது. இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினெட்டு வருஷம் அரபு நாட்டில், தம்மாமில், உதிரிப்பாகக் கடையில் நின்றவன் நான். வண்டியில் என்ன கோளாறு என்று பார்ப்பேன். வண்டிக்காரரைப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

அவருக்கு வேண்டியிருந்தது என்னுடைய பதினைந்து நிமிஷம். அது எனக்கு விளங்குவதற்குள் அதை நானே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டேன். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்ல எனக்கு மனம் இல்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் மகளோடு புனேக்குப் போய், அங்கேயே காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் வெள்ளிக்கிழமை சட்டையை மாட்டும்போது என் கை போனைத் தேடுகிறது.

பேட்டரி டவுன், பேட்டரி டெட், பேட்டரி செத்துப்போச்சு என்று ஊரே சொல்லும். அண்ணாச்சி சொல்லமாட்டார். ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து ஒரு மெக்கானிக் போனில், "பேட்டரி செத்துருக்கும் சார்" என்று சொல்லிவிட்டார். "அப்படின்னா நீங்க வர வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டார் இவர். அந்த வண்டி அவர் மனைவிக்காக வாங்கியது. சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு தடவை பாளையங்கோட்டைக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் போய் வரும்போது அந்த அம்மாவுக்கு மயக்கம் வந்துவிடும். அதற்காகத்தான் அறுபத்தாறு வயதில் அண்ணாச்சி கார் ஓட்டப் பழகினார். கியர் மாற்றுவது கைக்கு வராது என்று கியர் இல்லாத வண்டியாக, சாவி போட்டுத் திருகாமல் பொத்தானை அழுத்திக் கிளப்புகிற வண்டியாகப் பார்த்து வாங்கினார். மூன்று வருஷம் அந்த வண்டி சேரன்மகாதேவிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடையாய் நடந்தது. பிறகு அந்த அம்மா போய்விட்டார். வண்டி போர்ட்டிகோவில் நின்றுவிட்டது.

வாரம் ஒருமுறை பத்தமடை வரைக்குமாவது ஓட்டிவிட்டு வாருங்கள், இந்தக் காலத்து வண்டி சும்மா நின்றாலும் உள்ளுக்குள்ளே பேட்டரியைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் என்னைப் புரியாதவர் மாதிரி பார்ப்பார்.

"பத்தமடைக்கு என்ன காரியமா போக?"

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்வதென்றால் இந்தக் 'காரியம்' என்கிற சொல்லைச் சொன்னாலே பாதி சொன்னதாகிவிடும். வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷமும் அவர் வீட்டுப் படி ஏறியவர்கள் பட்டா, வாரிசுச் சான்று, வாய்க்கால் தகராறு என்று எதையாவது கையில் பிடித்துக்கொண்டே ஏறியிருக்கிறார்கள். அதனால் யார் வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது, "என்ன காரியமா வந்தீங்க?" என்பதுதான். விரட்டுகிற தொனியில் இல்லை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அக்கறையாகக் கேட்பார்.

ஒரு நாள் களக்காட்டிலிருந்து அவருடைய அத்தை மகன் வந்தார். என்ன காரியம் என்று கேட்டதற்கு, "சும்மாதான் அத்தான், பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றிருக்கிறார். அண்ணாச்சிக்கு அது பிடிபடவில்லை. நிலத்தில் ஏதும் வில்லங்கமா, மகனுக்கு வேலைக்குச் சிபாரிசா, உடம்புக்கு ஏதுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அண்ணாச்சிக்கு உண்மையாகவே வருத்தம். "என்னமோ கேக்கணும்னு வந்திருக்கான் பாய். கேக்க முடியாமப் போயிட்டான், பாவம்."

தனக்கும் அதே சட்டம்தான். காரியம் இல்லாமல் எவர் வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டார். நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்த முதல் வருஷம் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் வாளியோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று அதற்குள் இரண்டு வட்டு உடன்குடிக் கருப்பட்டி. உள்ளே வாருங்கள் என்று என் மனைவி கூப்பிட்டதற்கு, "பாத்திரம் குடுக்கத்தானே வந்தேன், காரியம் முடிஞ்சுதேம்மா" என்று திரும்பிவிட்டார். என் மனைவி கெட்டிக்காரி. நோன்பு முடிகிற வரைக்கும் தினமும் கஞ்சி அனுப்பினாள், பாத்திரத்தை மட்டும் வாங்கி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாத்திரம் கொடுக்க அவர் தினமும் வந்தாக வேண்டியதாயிற்று. நோன்பின் கடைசிப் பத்து நாளில் கேட்டைத் தாண்டி முற்றத்து வேப்பமரம் வரைக்கும் வந்துவிட்டார்.

அதே மனைவிதான் பிற்பாடு எனக்கு ஒரு கேள்வி கேட்டாள். அது அப்போது என் காதில் ஏறவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவரை நான் முதன்முதலில் பார்த்ததே ஒரு வேடிக்கை. வீட்டுக்குக் குடிவந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தோம். மூன்று வீடு தள்ளி ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், தெரு ஆம்பிளைகள் ஏழெட்டுப் பேர் ஒரு வெள்ளைக் காரின் பின்னால் குனிந்து தள்ளுகிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏலே தூக்கித் தள்ளு, பைய தள்ளு என்று ஆளுக்கொரு கட்டளை. வண்டி தரையில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. நம் பக்கத்தில் ஒரு வண்டி கிளம்பவில்லை என்றால் யாரும் யாரையும் கூப்பிடவேண்டியதில்லை, தள்ள ஆள் தானாக வந்துவிடும். ஆனால் கியர் இல்லாத இந்த வண்டியை மலையிலிருந்து உருட்டிவிட்டாலும் அப்படிக் கிளம்பாது. பேட்டரி தீர்ந்தால் அதன் சக்கரப் பூட்டே விடாது. நான் அதைச் சொன்னேன். தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, உள்ளே ஸ்டியரிங் பக்கத்திலிருந்த பொத்தானைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்.

"அங்கன புஷ் ஸ்டார்ட்னு எழுதியிருக்கு பாத்தீங்களா? புஷ்ஷுன்னா தள்ளுன்னுதான அர்த்தம்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அதை நம்பித்தான் தள்ளியிருக்கிறார்கள். அண்ணாச்சி மட்டும் ஓரமாக, இத்தனை பேருக்குச் சிரமம் கொடுத்துவிட்டோமே என்று கூனிக்குறுகி நின்றார். கதவும் திறக்கவில்லை, ரிமோட்டும் செத்துவிட்டதோ என்று ஒருவர் கேட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணாச்சியின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, அதன் இடுப்பில் இருக்கும் சிறு பித்தானை நகர்த்தி, உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவினேன். அதைக் கொண்டு கதவைத் திறந்தேன். ஐந்து வருஷமாகக் கையில் வைத்திருந்தவர், "இதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கா?" என்று அதைத் தடவிப் பார்த்தார்.

பிறகு என் காரைக் கொண்டுவந்து அவர் காருக்கு முகத்துக்கு முகம் நிறுத்தினேன். தம்மாமிலிருந்து கொண்டுவந்த தடித்த கேபிள் என்னிடம் உண்டு. சிவப்பை மயங்கின பேட்டரியின் கூட்டல் முனையில், அதன் மறுநுனியை என் பேட்டரியின் கூட்டலில். கறுப்பை என் பேட்டரியின் கழித்தலில், அதன் மறுநுனியைக் கடைசியாக அவர் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு இரும்பில். அந்தக் கடைசி முனையைப் பேட்டரியிலேயே மாட்டக்கூடாது, பொறி பறந்தால் ஆபத்து. மாட்டிவிட்டு என் வண்டியை ஓடவிட்டேன். அடுத்தது காத்திருப்பதுதான். அவசரப்பட்டால் காரியம் நடக்காது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஒரு வண்டி ஓட, இன்னொன்று மெல்ல ஏற்றிக்கொள்ள, இரண்டு ஆட்கள் சும்மா நிற்கவேண்டியதுதான்.

வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். அண்ணாச்சி உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துவந்து போட்டார். நாங்கள் உட்கார்ந்தோம். பதினைந்து நிமிஷம் கழித்து அவர் பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்த, வண்டி கிளம்பியது. அரைமணி நேரம் அணைக்காமல் ஓடட்டும் என்றேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார்.

அந்த இரண்டு நாற்காலிகள் பிறகு போர்ட்டிகோவை விட்டு நகரவே இல்லை.

மாதம் இரண்டு வெள்ளி, சில மாதம் மூன்று வெள்ளி அழைப்பு வரும். நான் போகும்போது எல்லாம் தயாராக இருக்கும். பானெட் திறந்திருக்கும். அதன் விளிம்பில் கீறல் விழாமல் பழைய துண்டு விரித்திருக்கும். டிகாஷன் இறங்கியிருக்கும், பால் காய்ந்திருக்கும். ஆபத்தில் கூப்பிட்டவர் வீட்டில் இவ்வளவு முன்னேற்பாடு எப்படி என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? எனக்குக் காபி மேல்தான் கண்.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவர் பேசியதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். முக்கூடல் பக்கம் நாற்று நட்டாயிற்று. ஐந்தாம் வகுப்பில் அவரோடு படித்தவர் ஒருவர் ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்து, அடையாளம் தெரியாமல் போய்விட்டார். மனைவியைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, என் வண்டி உறுமுவதையும் தன் வண்டி பேசாமல் நிற்பதையும் பார்த்துக்கொண்டே சொன்னார், அங்கே ஆஸ்பத்திரியிலும் இதேபோல ஒரு குழாய் போகும், இன்னொரு குழாய் வரும், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள், நாலு மணி நேரம் அவளும் நானும் பேசிக்கொண்டே இருப்போம் என்று. அதற்கு முன்னால் முப்பது வருஷத்தில் அவ்வளவு பேசியதில்லையாம். காரியம் இருந்தால்தானே ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் அத்தனை நேரம் உட்கார முடிகிறது என்றார். நான் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்து, ஏறிவிட்டது என்றேன்.

நாலாவதோ ஐந்தாவதோ வெள்ளிக்கிழமை, டம்ளரை நீட்டிக்கொண்டே, "குடியும் வே, ஆறிரப்போவுது" என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. 'நீங்க' என்பது கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு. 'நீரு' என்று வந்துவிட்டால், உமக்கு நாற்காலி போட்டாயிற்று, இனி எப்போது வேண்டுமானாலும் வாரும் என்று அர்த்தம். தாசில்தார் உத்தியோகத்தில் இருந்த மனிதர், என்னைவிட இருபது வயது மூத்தவர், அந்த வார்த்தையை எனக்குக் கொடுத்தார். நான் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு கட்டத்தில் பேட்டரி பழசு, அதுதான் தாங்கவில்லை என்று என் கடையிலிருந்தே புதுசு கொண்டுபோய் மாட்டினேன். மூன்று வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. நாலாவது வெள்ளி, "மயக்கம்" என்றார். எனக்குத் தொழில் கௌரவம் சுட்டது. போய்த் தேடினால் பின் சீட்டுக்கு மேலே படிக்கிற விளக்கின் சுவிட்ச் போட்டபடி இருக்கிறது. "மறந்துட்டேம் போல" என்றார். அடுத்த தடவை டிக்கி சரியாகச் சாத்தாமல் உள்விளக்கு எரிந்திருந்தது. அதற்கடுத்து பார்க்கிங் லைட். சர்வே எண்ணைச் சொன்னால் கிணறு எந்த மூலை என்று சொல்கிற மனிதர், விளக்கை அணைக்க மட்டும் மறந்துகொண்டே இருந்தார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனிதர் வியாழக்கிழமை ராத்திரி ஒவ்வொன்றாக யோசித்து ஒரு விளக்கைப் போட்டுவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சல் ஒரு வெள்ளிக்கிழமை வெளியேயும் வந்துவிட்டது. காய்ச்சல் வருகிற மாதிரி உடம்பு வலி. போன் அடித்தது. போனேன். கேபிளை மாட்டிக்கொண்டே, "இப்படி வாரா வாரம்னா எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவர் உள்ளே போனார். காபி கொண்டுவந்தார். அன்று இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. எப்படியாவது இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்களுக்குச் சரிசெய்யத் தெரிந்த வழி ஒன்றுதான். சபர் போனவன் புத்தி அது. பதினெட்டு வருஷம் கடல் கடந்து இருந்தவன், ஆளாக வரமுடியாத இடத்துக்கெல்லாம் பொருளாக வந்துகொண்டிருந்தேன். என் மகள் நடை பழகியது நான் அனுப்பிய நடைவண்டியில். நான் பார்க்கவில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணியபோது லீவு கிடைக்கவில்லை. அவர் மேல் கடைசியாகக் கிடந்தது நான் அனுப்பிய கம்பளிதான் என்று போனில் சொன்னார்கள், அதில் ஒரு ஆறுதல் தேடிக்கொண்டேன். யார் மேல் பாசம் பொங்கினாலும் என்ன வாங்கி அனுப்பலாம் என்றுதான் எனக்கு யோசனை போகும். ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

தம்மாமிலிருந்து லீவில் வரவிருந்த கூட்டாளியிடம் சொல்லி ஒரு பெட்டி கொண்டுவரச் சொன்னேன். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதைச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, இரண்டு முனையை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும், பேட்டரி எவ்வளவு இறங்கியிருந்தாலும் கார் கிளம்பிவிடும். இன்னொரு கார் வேண்டாம். இன்னொரு ஆளும் வேண்டாம்.

பெருநாள் சட்டை வாங்கிவந்த வாப்பா மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றும் வெள்ளிக்கிழமைதான், ஆனால் அவர் கூப்பிடுமுன் போனேன். "என்ன காரியமா வந்தீரு?" என்றார், முகமெல்லாம் மலர்ச்சி. பெட்டியைக் கொடுத்து, மேலே போட்டிருந்த படத்தைக் காட்டி விளக்கினேன். பிரிக்கப் போனேன். வேண்டாம், தானே பைய பிரித்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு தாள் எடுத்துவந்து, நான் சொல்லச் சொல்ல ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் நான் பெருமையாகச் சொன்னேன்.

"இனிமே நீங்க யாரையும் எதிர்பாக்க வேண்டாம் அண்ணாச்சி."

அவர் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"நல்ல காரியம் செஞ்சீங்க பாய். நீங்க ரொம்பச் சிரமப்பட்டிருப்பீங்க."

என்றைக்கும் இல்லாமல் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். பாதி வழி வந்த பிறகுதான் அவர் என்னை 'நீங்க' என்று சொன்னது உறைத்தது. புதுப் பொருள் கொடுத்ததில் மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைத்த முட்டாள் வேறு எவனும் இருக்கமாட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை அவரு என்ன செய்வாரு மச்சான்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை.

அடுத்த வெள்ளி போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மாதம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு என்னவோ போல இருக்கும். எதையோ கடையில் மறந்துவிட்டு வந்ததுபோல நடையில் உலாத்துவேன். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று மனைவி சொல்வாள். போய் என்ன சொல்வது என்பேன். எனக்கும் காரியம் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால், வண்டி எப்படி அண்ணாச்சி என்று கேட்பேன். சௌக்கியமா இருக்கு, நீங்க சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நடந்துவிடுவார். மூன்று வீடு தூரம். மூன்று மாதம் நான் அதைக் கடக்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. அவர் எண்தான். பேசியது அவருடைய மகள். புனேயிலிருந்து வந்திருப்பதாகவும், அப்பாவை இனிமேல் தனியாக விடமுடியாது, கூட்டிப்போகப் போவதாகவும் சொன்னாள். சரியாகச் சாப்பிடுவதில்லையாம், ஆள் பாதியாகிவிட்டாராம். காரை வீரவநல்லூரில் ஒருவருக்கு விலை பேசியிருக்கிறது, சாயங்காலம் எடுக்க வருகிறார்கள், இரவு ரயிலுக்குத் தாங்கள் கிளம்பவேண்டும்.

"ஆனா வண்டி டெட்டாக் கிடக்கு அங்கிள். நீங்கதான் எப்பவும் பாப்பீங்களாம். அப்பாட்ட கேட்டா, பாயைத் தொந்தரவு பண்ணாதேங்காங்க. கொஞ்சம் வர முடியுமா?"

கேபிளை எடுத்துக்கொண்டு போனேன். காரின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. கண்ணாடியில் பூனை நடந்த தடம். டயர்கள் நின்ற இடத்திலேயே நின்று அடிப்பக்கம் தட்டையாகியிருந்தன. பெட்டி இருக்குமே, அதை வைத்துப் பார்த்தீர்களா என்று மகளைக் கேட்டேன். எந்தப் பெட்டி என்றாள். வீட்டுக்குள் ஆபீஸ் மேசை மேல் அது இருந்தது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள் கூடப் பிரிக்கப்படவில்லை. அதன் மேல், ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதிய அந்தத் தாள். அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. 'பாய் அன்பாகக் கொடுத்தது.'

நான் வெளியே வந்து என் காரை முகத்துக்கு முகம் நிறுத்தினேன். சிவப்பு, சிவப்பு, கறுப்பு, இரும்பு. இன்ஜினை ஓடவிட்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, ஊருக்குப் போகிற கோலத்தில் உள்ளேயிருந்து மெதுவாக வந்தார். உண்மையிலேயே பாதியாகத்தான் இருந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மகள் காபி கொண்டுவரட்டுமா என்று கேட்டாள், பால் தீர்ந்துவிட்டது, பாத்திரங்களையும் கட்டியாகிவிட்டது என்று அவளே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு வண்டிக்கும் நடுவில் கேபிள் தொங்கியது. நான் தரையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"பெட்டியைப் பிரிக்கவே இல்லையே அண்ணாச்சி. வண்டி இப்படி ஆயிட்டுன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை.

"பெட்டி குடுத்த பொறவு கூப்பிட ஒரு காரியம் இல்லையே வே. நீரு ஒரு நாளாவது சும்மா வருவீருன்னு பாத்தேன்."

காரியம் இல்லாத வருகையை வாழ்நாளில் அறியாத மனிதர், மூன்று மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்காக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று வீடு தள்ளி நான் நடையில் உலாத்திக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். கால்வாயில் தண்ணீர் நிறுத்திவிட்டார்களா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். பிசான நெல் விளைச்சல் இந்தத் தடவை எப்படி என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மூன்று மாதம் கிடந்த பேட்டரி, இருபது நிமிஷம் எடுத்தது. கையிலிருந்த மீட்டரை வைத்துப் பார்த்தேன். போதும் என்று காட்டியது. அவரும் குனிந்து எண்ணைப் பார்த்தார். இத்தனை வெள்ளிக்கிழமைகளில் அந்த எண்ணைப் படிக்க அவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. நான் மீட்டரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "என்னப்பா, வண்டி கிளம்பிருமா?"

அண்ணாச்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இல்லம்மா. இன்னும் கொஞ்சம் ஏறணும்."